புள்ளி நான்கு விநாடி

எங்கள் ஃபோர்மேன் மெயின் சுவிட்ச் போடுவதைப் பார்த்தால், பேச்சுவார்த்தை அறுந்துபோன பங்காளியைக் கல்யாண வீட்டில் எதிரே கண்டவர் மாதிரி இருக்கும். பேனலுக்கு நேரே நிற்க மாட்டார். ஓரமாக ஒதுங்கி, சுவரைப் பார்த்து முகத்தைத் திருப்பி, மூச்சை இழுத்து நிறுத்தி, கையை மட்டும் நீட்டிக் கைப்பிடியைத் தள்ளுவார். 'டப்' என்று சத்தம் வந்து மேலே விளக்கு எரிந்த பிறகுதான் மூச்சு விடுவார். 1986இல் கோவைக்குப் பக்கத்தில் ஒரு நூற்பாலையில் அப்ரென்டிஸாகச் சேர்ந்த எங்களுக்கு அது நல்ல வேடிக்கை. அவர் போன பிறகு ஒருவன் அவரைப் போலவே முகத்தைத் திருப்பிக்கொண்டு பாத்ரூம் லைட்டைப் போடுவான். நாங்கள் சிரிப்போம்.

ஒரு நாள் அவரே பார்த்துவிட்டார். கோபப்படவில்லை. "சிரிங்கடா கண்ணுகளா. கரண்டு தொட்டாத்தான் அடிக்கும்னு நெனச்சிட்டிருக்கீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். அவருடைய இடது புருவத்தில் பாதி இல்லை. அது பிறவியிலேயே அப்படி என்று நான் பல வருடம் நம்பியிருந்தேன்.

அந்தக் காலத்து எலெக்ட்ரீசியனுக்குப் பயம் என்றால் அது ஷாக் ஒன்றுதான். ஷாக்குக்குப் பயப்படாதவன் வீரன். விரலின் பின்பக்கத்தால் கம்பியைத் தொட்டுக் கரண்டு இருக்கிறதா என்று பார்க்கிற ஆசாமிகள் எங்கள் செட்டிலேயே இருந்தார்கள். "240 எல்லாம் எறும்பு கடிக்கிற மாதிரிப்பா" என்பார்கள். பேனல் ரூம் சுவரில் ஃபிரேம் போட்ட படம் ஒன்று தொங்கும். மின்அதிர்ச்சி பட்டவருக்கு எப்படி முதலுதவி செய்வது என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, ஒருவர் படுத்திருக்க இன்னொருவர் மூச்சு வரவழைப்பதாகப் படம் வரைந்திருக்கும். அதைக் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டவேண்டும் என்று 1956ஆம் வருட இந்திய மின்சார விதிகளே சொல்லியிருந்தன. ஆயுத பூஜைக்கு அந்தப் படத்துக்கும் சந்தனப் பொட்டு வைப்போம். அந்தப் படத்தில் தீக்காயம் என்கிற பேச்சே கிடையாது. தொடாமலே ஒருவன் எரிந்துபோக முடியும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஐ.டி.ஐ. பாடத்திலும் இல்லை, லைசென்ஸ் பரீட்சையிலும் கேட்கவில்லை.

இப்போது என்னிடம் பயிற்சிக்கு வரும் பையன்களுக்கு இதை வெல்டிங்கை வைத்துத்தான் சொல்கிறேன். வெல்டர் ராடைத் தட்டியதும் வெள்ளையாக ஒரு வெளிச்சம் வருகிறதே, அதுதான் ஆர்க். தமிழில் மின்வில் என்று எழுதுகிறார்கள், பெயர் பொருத்தமானதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹம்ஃப்ரி டேவி இரண்டு கரித்துண்டுகளைப் படுக்கைவாட்டில் வைத்து இடையே கரண்டைத் தாவவிட்டபோது, அது சூட்டில் மேலே எழும்பி வில்லாக வளைந்தது. வெல்டரின் கையில் இருப்பது நூற்றைம்பது, இருநூறு ஆம்பியர் வில். அவர் ராடைத் தூக்கினால் அணைந்துவிடும். பேனலுக்குள் வருகிற வில்லுக்கு ராடும் இல்லை, தூக்குவதற்கு வெல்டரும் இல்லை. காற்றே கம்பியாகிவிடுகிறது. ஆம்பியர் ஆயிரக்கணக்கில் ஓடும். அதன் நடுவில் சூடு இருபதாயிரம் டிகிரி சென்டிகிரேடை நெருங்கலாம்; சூரியனின் மேற்பரப்பே ஐயாயிரத்தைந்நூறு டிகிரிதான். செம்பு உருகுவதோடு நிற்காமல் ஆவியாகிறது. தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய ஆயிரத்து அறுநூறு மடங்கு பெருக்கும். செம்பு ஆவியானால் அறுபத்தேழாயிரம் மடங்கு. ஒரு பட்டாணி அளவு செம்பு என்ன செய்யும் என்று அவர்களையே நினைத்துப் பார்க்கச் சொல்வேன். பேனல் கதவு பிய்த்துக்கொண்டு வருவது அதனால்தான்.

இவ்வளவும் எனக்குத் தெரியவந்தது வேலைக்குச் சேர்ந்து இருபது வருடத்துக்கும் மேலே கழித்து. அதற்குள் நடக்கவேண்டியது நடந்துவிட்டது.

எங்கள் மில்லில் இருபத்தையாயிரம் கதிர். 22,000 வோல்ட்டில் வரும் கரண்டை 433 வோல்ட்டுக்கு இறக்கித்தர ஆயிரம் கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு இன்கமர் பிரேக்கர், அதற்குக் கீழே பஸ்பார், பஸ்பாரிலிருந்து ப்ளோ ரூம், கார்டிங், ஸ்பின்னிங் என்று கிளைகள். நூற்பாலையில் வேலை செய்யாதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். கரண்டு ஒரு விநாடி போய்த் திரும்பி வந்தால் வீட்டில் கடிகாரத்தைத் திருத்தினால் போதும். ஸ்பின்னிங்கில் அப்படியில்லை. ஒரு ரிங் ஃபிரேமில் ஆயிரம் இழை ஓடும். நின்று கிளம்பினால் கணக்கில்லாமல் அறுந்திருக்கும். சைடர் பெண்கள் ஃபிரேமுக்கு ஃபிரேம் ஓடி ஒவ்வொன்றாகப் பிணைக்கவேண்டும். ஒரு டிரிப் என்றால் அந்த ஷிப்டின் உற்பத்தி போச்சு. காலையில் மில் மேனேஜர் எங்கள் ரூமுக்கு வந்து நிற்பார். அவர் கத்துகிறவர் இல்லை. ரிஜிஸ்டரைப் புரட்டிக்கொண்டே நிற்பார். அதற்குக் கத்தியிருக்கலாம்.

2003 கோடையில் அந்த டிரிப் தொல்லை ஆரம்பித்தது. கிளையில் எங்கோ ஒரு மோட்டார் கேபிள் ஷார்ட் ஆகும். அந்தக் கிளையின் பிரேக்கர்தான் விழவேண்டும். ஆனால் அதோடு சேர்ந்து மேலே இன்கமரும் விழுந்துவிடும். ஒரு வீட்டில் ஃபியூஸ் போனதற்குத் தெருவே இருண்டுபோன கதை. மூன்று வாரத்தில் நாலு தடவை. நான் அப்போது சூப்பர்வைசர். பிரேக்கர் கம்பெனிப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு ராத்திரி உட்கார்ந்தேன். இன்கமரின் ரிலீஸில் சின்னச் சின்ன டயல்கள் இருக்கும். கைக்கடிகாரத்துச் சாவி அளவுதான். அதில் ஒன்று, ஷார்ட் வந்தால் எத்தனை விநாடி பொறுத்திருந்து விழவேண்டும் என்பதற்கு. அது 0.1இல் இருந்தது. கிளைப் பிரேக்கர்களுக்கும் அதே அளவு. அதனால்தான் இரண்டும் போட்டி போட்டுக்கொண்டு விழுகின்றன. மேலே இருப்பவன் கொஞ்சம் பொறுமையாக இருந்தால் கீழே இருப்பவன் தன் வேலையை முடித்துவிடுவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷட்டவுனில் பேனல் கதவைத் திறந்து, டார்ச் வெளிச்சத்தில், சின்ன ஸ்குரூ டிரைவரால் அந்த டயலை 0.4க்குத் திருப்பினேன்.

புத்தகப்படி நான் செய்தது சரிதான். இன்றைக்கும் எந்த டிசைன் இன்ஜினியரிடம் கேட்டாலும் மேலே தாமதம், கீழே வேகம் என்றுதான் சொல்வார். தொல்லை அதோடு நின்றது. மேனேஜர் ரிஜிஸ்டர் புரட்ட வருவதை நிறுத்தினார். பொங்கலுக்கு எனக்கு ஒரு கைக்கடிகாரம் வந்தது.

மறு வருடம் ஆடி மாதம், நைட் ஷிப்ட். ஸ்பின்னிங் ஃபீடரில் ஒரு கேபிள் லக்கு சூடேறி இன்சுலேஷன் கருகும் வாடை. பருத்தி மில்லில் இது அடிக்கடி வருவது. எவ்வளவு அடைத்தாலும் பஞ்சுத் தூசு பேனலுக்குள் போய் உட்காரும். ஹியூமிடிஃபிகேஷன் ஈரம் அதன்மேல் படியும். அலுமினியக் கேபிளைச் செம்பு பஸ்பாரில் முடுக்கிய இடம் சூட்டில் விரிந்து ஆறிச் சுருங்கி மெல்ல மெல்லத் தளரும். ஷட்டவுன் எடுத்து முடுக்கவேண்டிய வேலை. ஷிப்ட் முடிய இரண்டு மணி நேரம் இருந்தது. "ரெண்டு நிமிஷ வேலை, நிறுத்த வேண்டாம்" என்று யார் சொன்னார்கள் என்பது விசாரணையில் கடைசிவரை தெளிவாகவில்லை. யாரும் வாய்விட்டுச் சொல்லியிருக்கத் தேவையும் இல்லை. அங்கே எல்லோருக்கும் அது தெரிந்ததுதான். எங்கள் செட்டின் மூத்த வயர்மேன், நாங்கள் எல்லோரும் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், ஸ்பேனரில் டேப் சுற்றிக்கொண்டு லைனிலேயே முடுக்கப் போனார். அவர் அதை அதற்கு முன் நூறு தடவை செய்திருப்பார். பின்னால் ஓர் அப்ரென்டிஸ் பையன்.

நான் காம்பர் பக்கம் இருந்தேன். முதலில் விளக்குகள் மங்கின. சத்தம் அதற்குப் பிறகு வந்ததா, அதற்கு முன்பே வந்ததா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஓடிப் போனபோது பேனல் ரூம் முழுக்கக் கறுப்புப் புகை. செம்பு எரிந்த வாடை வாயில் காசைப் போட்டுச் சப்பின மாதிரி நாக்கில் ஒட்டியது. பையன் கதவுக்கு வெளியே கிடந்தான். காது அடைத்துப்போய், நாங்கள் கூப்பிடுவது கேட்காமல் மிரள மிரளப் பார்த்தான். அண்ணன் தானாகவே எழுந்து நடந்து வந்தார். அதுதான் பயங்கரம். இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு வந்தார். "ஒண்ணுமில்லப்பா, கண்ணுதான் கூசுது" என்றார். அவருடைய சட்டை உருகித் தோளில் ஒட்டியிருந்தது.

சட்டையைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாங்கள் நூற்றது நூறு சதவீதப் பருத்தி நூல். மில் எங்களுக்குக் கொடுத்த யூனிஃபார்ம் பாலியஸ்டர் கலந்த காக்கி. சுருங்காது, இஸ்திரி வேண்டாம், விலை மலிவு. பருத்தித் துணியும் இந்த மாதிரி நெருப்பில் பற்றி எரியும். ஆனால் உருகி ஒட்டாது. பாலியஸ்டர் உருகித் தோலோடு தோலாகிவிடும். அண்ணனின் கையைவிடத் தோள் ஆறுவதற்குத்தான் அதிக நாள் ஆனது. அவருடைய அரைஞாணில் கோத்திருந்த வெள்ளித் தாயத்தை ஆஸ்பத்திரியில் கத்தரித்து எடுத்தார்கள். அது அவர் இடுப்பில் ஒரு வட்டம் போட்டிருந்தது.

விசாரணை நடந்தது. இரண்டு பக்க ரிப்போர்ட். தொழிலாளி ஷட்டவுன் எடுக்காமல் அஜாக்கிரதையாக வேலை செய்தார் என்று முடிந்தது. பழைய விதிகளிலேயே, உயிருள்ள லைனில் வேலை செய்கிறவர் மட்டுமல்ல, அவருக்கு உதவி செய்கிறவரும் அதற்கென்று அதிகாரம் பெற்றவராக இருக்கவேண்டும் என்று உண்டு. அப்ரென்டிஸ் பையன் எப்படி அங்கே போனான் என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு விட்டுவிட்டார்கள். டயலைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மறைத்ததாக அப்போது எனக்குத் தோன்றவும் இல்லை. பிரேக்கர் விழுந்தது, விழவேண்டிய விதத்தில்தான் விழுந்தது என்று நினைத்தேன்.

2009இல் ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் மெயின்டனன்ஸ் வேலைக்குப் போனேன். வெளிநாட்டு முதலீடு. அவர்களுடைய தலைமையகம் கேட்டபடி எல்லா பேனலுக்கும் ஆர்க் ஃப்ளாஷ் கணக்குப் போடவேண்டும் என்று ஒரு கன்சல்டன்ட் வந்தார். என்னைவிட இருபது வயது சின்னவர். அவரிடம்தான் முதன்முதலாகக் கேள்விப்பட்டேன்: ரால்ஃப் லீ என்கிற அமெரிக்க இன்ஜினியர் 1982இலேயே இந்த நெருப்பைக் கணக்குப் போட்டுக் கட்டுரை எழுதியிருக்கிறார், அமெரிக்காவில் வேலையிடப் பாதுகாப்புக்கென்று என்.எஃப்.பி.ஏ. 70இ என்ற விதிநூலின் முதல் பதிப்பு 1979இலேயே வந்துவிட்டது; ஐ.இ.இ.இ. 1584 என்று கணக்குப் போடும் வழிமுறை 2002இல் வந்தது. நான் டயலைத் திருப்பியதற்கு ஒரு வருடம் முன்பு.

அவர் போர்டில் எழுதிக் காட்டியது ஒரு ஆயிரம் கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர். எனக்குப் பழகிய அளவுதான். முழு லோடில் 1,333 ஆம்பியர். இம்பீடன்ஸ் ஐந்து சதவீதம் என்றால், கீழே நேரடியாக ஷார்ட் ஆனால் அதைப்போல் இருபது மடங்கு, 26,660 ஆம்பியர் வரை தள்ளும். "ஆனா சார், ஆர்க்கிலே அவ்வளவு ஓடாது. காத்து வழியா போறதால பாதியாக்கூடக் குறையும். பிரேக்கர் அதைப் பார்த்து அவ்வளவு ஒண்ணும் அவசரமில்லைன்னு பொறுத்துக்கும்" என்றார். அடுத்துச் சொன்னதைத்தான் நான் மறக்கவில்லை. எரிக்கிற சூடு நேரத்தோடு நேர்விகிதத்தில் ஏறும். வோல்ட்டேஜை நம்மால் குறைக்க முடியாது, டிரான்ஸ்ஃபார்மரைச் சின்னதாக்க முடியாது. நம் கையில் இருப்பது நேரமும் தூரமும்தான்.

போர்டைப் பார்த்துக்கொண்டே மனசுக்குள் கணக்குப் போட்டேன். 0.1 விநாடி, அதோடு பிரேக்கர் திறந்து வில்லை அணைக்க எடுக்கும் நேரம். 0.4 விநாடி, அதோடு அதே நேரம். ஏறக்குறைய மூன்று மடங்கு. அண்ணன் கை வைத்தது மெயின் பஸ்பாருக்குப் பக்கத்தில். அங்கே வரும் வில்லுக்குக் கிளைப் பிரேக்கரால் ஒன்றும் செய்ய முடியாது, இன்கமர்தான் விழவேண்டும். நான் அதைப் பொறுமையாக இருக்கச் சொல்லியிருந்தேன். கன்சல்டன்ட், "ஏதாவது டவுட்டுங்களா சார்?" என்றார். இல்லை என்றேன்.

தோல் விஷயம் இன்னும் விசித்திரம். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1.2 கலோரி. அதுதான் தோல் சிவப்பதோடு நின்றுவிடுகிற காயத்துக்கும் கொப்புளம் போடுகிற காயத்துக்கும் இடையே உள்ள கோடு. சிகரெட் லைட்டர் சுடரின் நுனியில் ஒரு விநாடி விரலை வைத்தால் ஏறக்குறைய அந்த அளவு. பேனலில் ஒட்டுகிற லேபிளில் நாலு, எட்டு, இருபத்தைந்து, நாற்பது என்று எண்கள் பார்த்திருப்பீர்கள். எந்தச் சட்டை போடவேண்டும் என்று அவற்றை வைத்துத்தான் தீர்மானிக்கிறார்கள். நாற்பது கலோரி சூட் வந்து இறங்கியபோது எங்கள் பையன்களுக்கு ஒரே கொண்டாட்டம். தலைக்கு மேலே கவிழ்க்கும் ஹூட், பச்சை கலந்த கண்ணாடி, தடித்த கோட்டு. போட்டுக்கொண்டு நின்றால் மலைத்தேன் எடுக்கப் போகிறவர் மாதிரி இருக்கும். ஒரகடத்து மே மாதத்தில் அதைப் போட்டு இருபது நிமிடம் நின்றால் காலணிக்குள் வியர்வை ஓடும். கண்ணாடி ஆவி படிந்து ஸ்குரூ எது, நட்டு எது என்று தெரியாது. அதனால் சூட் இருக்கிறது என்று லைனில் வேலை செய்ய ஆரம்பித்தால் அது வேறு ஆபத்து. அது நெருப்பைத் தடுக்கும். வெடிப்பின் அழுத்தத்தைத் தடுக்காது. பிரேக்கரை உள்ளே தள்ளும்போது, வெளியே இழுக்கும்போது, கரண்டு போய்விட்டதா என்று சோதிக்கும்போது மட்டும் போட்டுக்கொள்ளலாம் என்பது என் கட்சி. மற்ற வேலைக்கு மெயினை அணைத்துவிடுங்கள். லுங்கியோடு கூட வேலை செய்யலாம். இதைப் பயிற்சி வகுப்பில் சொன்னதற்கு எச்.ஆர். என்னைக் கூப்பிட்டுக் கண்டித்தது.

லேபிள் எல்லாம் ஆங்கிலத்தில் வந்திருந்தது. தமிழில் வேண்டும் என்று கேட்டேன், நீங்களே எழுதுங்கள் என்றார்கள். 'மின்வில் தீப்பிழம்பு அபாயம்' என்று எழுதிப் பார்த்தேன். விழுப்புரத்துப் பையன் ஒருவன் படித்துவிட்டு, "சார், இது பாட்டுல வர்ற வரிங்களா?" என்றான். ஃப்ளாஷ் என்று எழுதினால் செல்போன் ஃப்ளாஷ் என்கிறார்கள். கடைசியில் 'மூடியிருக்கட்டும். திறந்தால் நெருப்பு வெடிக்கும். எட்டடி தள்ளி நில்' என்று போட்டோம். எட்டடி என்பது அந்த பேனலுக்குப் போட்ட கணக்கு. பேனலுக்குப் பேனல் மாறும். தரையில் மஞ்சள் கோடும் அடித்தோம். ஒடிசா, பீகார்ப் பையன்கள் லேபிளைப் படிக்காவிட்டாலும் கோட்டைப் பார்த்துக்கொள்வார்கள்.

நேரத்தைக் குறைப்பதற்கு இப்போது வழிகள் வந்துவிட்டன. என் பழைய பிரச்சினைக்கே விடை இருக்கிறது. கிளைப் பிரேக்கர் ஷார்ட்டைப் பார்த்ததும் மேலே உள்ள இன்கமருக்கு ஒரு சிக்னல் அனுப்பும்: நான் பார்த்துக்கொள்கிறேன், நீ பொறு. சிக்னல் வராவிட்டால் இன்கமர் உடனே விழும். பஸ்பார் சேம்பருக்குள் கண்வைத்து, வில்லின் வெளிச்சத்தைப் பார்த்த உடனே பிரேக்கரை விழவைக்கிற ரிலேயும் உண்டு. இது எதுவும் வாங்க முடியாதவர்களுக்கு இன்னொன்று. கதவுக்கு வெளியே ஒரு சின்ன சுவிட்ச்: யாராவது பேனலில் வேலைக்கு நிற்கும்போது அதைப் போட்டால் தாமதம் எல்லாம் நீங்கி, பிரேக்கர் தொட்டாற்சிணுங்கி ஆகிவிடும். வேலை முடிந்ததும் பழையபடி. எங்களுக்கு அந்த மூன்றாவதுதான் முதலில் கிடைத்தது. 2012 மின்வெட்டுக் காலத்தில் ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை ஜெனரேட்டருக்கும் ஈ.பி.க்கும் மாறிக்கொண்டிருந்தோம். பிரேக்கர் சும்மா நிற்கும்போது ஒன்றும் செய்யாது. போடும்போதும் எடுக்கும்போதும்தான் கோளாறு காட்டும். அந்தக் காலம் முழுக்க என் பையன்கள் ஓரமாக ஒதுங்கி, முகத்தைத் திருப்பித்தான் சுவிட்ச் போட்டார்கள். அமெரிக்கப் பாதுகாப்புப் பயிற்சியிலும் அப்படித்தான் சொல்லித்தருகிறார்கள். நான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது எங்கள் ஃபோர்மேன் செய்தது.

பழையவர்களிடம் இன்னொரு நல்ல பழக்கமும் இருந்தது. லைனில் வேலைக்குப் போகிறவன் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்வான். வேறு யாரும் போட முடியாது. இப்போது பூட்டும் அட்டையும் என்று அழகாக வந்திருக்கிறதே, அதன் தாத்தா அந்தச் சட்டைப்பைதான். பூட்டு கொடுத்தபோது ஒருவர், "அந்தச் சாவியை நான் யார்கிட்ட கொடுக்கணும்?" என்று கேட்டார். "ஃபியூஸை யார்கிட்ட கொடுப்பீங்க?" என்றேன். புரிந்துவிட்டது.

ஆனால் அணைத்துப் பூட்டியதோடு முடிவதில்லை. இன்கமரை அணைத்தாலும் அதன் மேல் முனையில் டிரான்ஸ்ஃபார்மர் கரண்டு நின்றுகொண்டே இருக்கும். அங்கே வில் வந்தால் பார்த்துக்கொள்ள உயரழுத்தப் பக்கத்துப் பிரேக்கர்தான் உண்டு. அது இன்னும் மெதுவாக விழும். கெப்பாசிட்டர் பேனல், அணைத்த பிறகும் சில நிமிடம் தன் சரக்கை விடாது. கூரையில் சோலார் போட்டவர்களுக்கு வெயில் இருக்கும்வரை அந்த ஒயரில் கரண்டு உண்டு. ஆகவே டெஸ்டரை முதலில் கரண்டு இருக்கிற இடத்தில் வைத்து அது வேலை செய்கிறதா பார், பிறகு வேலை செய்யும் இடத்தில் பார், பிறகு மறுபடியும் முதல் இடத்தில் பார். மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நடுவிலே டெஸ்டர் செத்துப்போயிருந்தால் கரண்டு இல்லை என்றுதானே காட்டும். மல்டிமீட்டரில் இன்னொரு சனியன்: முதல் நாள் ஆம்பியர் பார்த்துவிட்டுப் ப்ரோபை அதே ஓட்டையில் விட்டுவிட்டு, மறுநாள் 415 வோல்ட்டில் வைத்தால் அது மீட்டர் இல்லை, ஷார்ட் கம்பி. கையிலேயே வெடிக்கும். சந்தையில் முந்நூறு ரூபாய்க்கு விற்கிற மீட்டர்களைப் பேனல் ரூமுக்குள் நான் விடுவதில்லை.

பல்லியைப் பற்றியும் சொல்லவேண்டும். கேபிள் நுழைகிற ஓட்டை ஒன்று திறந்திருந்தால் போதும், கதகதப்புக்கு உள்ளே வரும். இரண்டு ஃபேசுக்கு நடுவே அது குறுக்கே கிடந்தால் யாரும் கதவைத் திறக்காமலே வில் பிறக்கும். பல்லி விழும் பலன் பார்க்கிற ஊரில் ஓட்டையை அடைக்கச் சொன்னால் மட்டும் யாரும் கேட்பதில்லை.

இதையெல்லாம்விடக் கடினம், இல்லை என்று சொல்வது. "ரெண்டு நிமிஷம்தானே சார்" என்று கேட்பவரிடம் அறிவியலைப் பேசிப் பயனில்லை. நான் ஒரு படிவம் வைத்தேன். என்.எஃப்.பி.ஏ. புத்தகத்தில் இருந்த வழிதான். லைனில் வேலை செய்யவேண்டும் என்றால் அதைக் கேட்கிறவரே ஏன் நிறுத்த முடியாது என்று தன் கைப்பட எழுதி, கையெழுத்துப் போடவேண்டும். உற்பத்தி நஷ்டம் என்று எழுதக்கூடாது. ஒன்பது வருடத்தில் அந்தப் படிவத்தை நாற்பது பேராவது வாங்கிப் போயிருப்பார்கள். கையெழுத்தோடு திரும்பி வந்தது இரண்டு. இரண்டும் சோதனை வேலை, கரண்டு இருந்தால்தான் செய்யமுடியும். மற்றவர்களுக்கு எப்படியோ ஷட்டவுன் நேரம் கிடைத்துவிட்டது.

போன வருடம் ஊருக்குப் போயிருந்தபோது அண்ணனைப் பார்த்தேன். சூலூர்ப் பக்கம் பேக்கரி வைத்திருக்கிறார், மகன்தான் பார்க்கிறான். வலது கையில் இரண்டு விரல் மடங்காது. டீ டம்ளரை உள்ளங்கையில் வைத்துத்தான் நீட்டினார். எனக்கு ஓய்வுபெறும் வயது வந்துவிட்டது, இதைச் சொல்லாமல் விட்டால் பிறகு சொல்ல முடியாது என்று தோன்றியது. டயல் கதையைச் சொன்னேன். 0.1, 0.4, மூன்று மடங்கு, எல்லாவற்றையும். அவர் பாதியிலேயே கையைக் காட்டினார்.

"நீ அதைத் திருப்பறப்ப டார்ச் பிடிச்சது யாருன்னு நெனைக்கற?"

எனக்கு ஞாபகமே இல்லை. டார்ச் வெளிச்சம் ஞாபகம் இருந்தது. பிடித்த கை ஞாபகம் இல்லை.

"நானும்தான் பாத்துட்டு நின்னேன். டிரிப் ஆகாதுன்னு நீ சொன்னே. எனக்கும் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. ராத்திரி தூங்கலாம்னு."

கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மில்லை மூடி எட்டு வருடம் ஆகிறது. மெஷினெல்லாம் ஏலத்தில் போய்விட்டது. பேனல்களைப் பழைய சாமான் வியாபாரி எடைக்கு எடுத்தார். பிரேக்கர்களை மட்டும் தனியாகக் கழற்றி, சுத்தம் செய்து, பெயின்ட் அடித்து விற்பார்கள். கோவையில் அதற்கென்றே கடைகள் உண்டு.

"விபத்துக்கப்புறம் பழையபடி வெச்சீங்களாடா அந்த டயலை?" என்றார் அண்ணன்.

யோசித்துப் பார்த்தேன். நான் வைக்கவில்லை. வேறு யாராவது வைத்தார்களா, தெரியாது.

"அப்ப எந்த மில்லுல ஓடிட்டிருக்கோ அது," என்றார். டம்ளரை வாங்கிக் கழுவும் தொட்டியில் போட்டார்.